காலடியில் ஊற்று

யென் தாவோ அந்த ஊற்றைப் பார்த்தபோது பொழுது விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மழை விட்டிருந்தது, ஆறு விடவில்லை. கரைக்கு அந்தப் பக்கம் மஞ்சள் ஆறு வேரோடு பிடுங்கிய மரங்களையும், எந்த ஊரிலோ யார் வீட்டிலோ இருந்த கூரையையும் சுமந்துகொண்டு, கரையின் தோள் உயரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் அடிவாரத்தில், லியூவான் கிராமத்தின் தினை வயல் தொடங்குகிற இடத்தில், தரையிலிருந்து ஒரு கிண்ணத்தின் அகலத்துக்குத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது.

வெள்ளக் காலத்தில் கரை கசிவது புதிதல்ல. கசிகிற தண்ணீர் தெளிவாக இருந்தால் கவலையில்லை, வெறும் வியர்வை என்பார்கள். யென் தாவோ சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து ஒரு கை அள்ளினான். கலங்கல். விரல்களுக்கு நடுவில் பொடி மணல் நெருடியது. கரை தன் வயிற்றில் இருக்கிற மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கிக்கொண்டிருந்தது.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அவன் சட்டென்று நிமிர்ந்தான். நிமிர்ந்த வேகத்தில் வலது காலைத் தூக்கி அந்த ஊற்றின்மேல் வைத்து அழுத்திக்கொண்டு நின்றான். ஏன் அப்படிச் செய்தான் என்று பிற்பாடு எத்தனையோ தடவை தன்னையே கேட்டுப் பார்த்தான்.  யோசித்துச் செய்த காரியம் இல்லை. கால் தானாகவே போய்விட்டது.

வந்தவள் யுன்னியாங். சோயாப் பாலைக் காய்ச்சி, உறையவைத்துக் கட்டியாக்கி ஊருக்கு விற்கிறவள். தோளில் காவடிபோல் கழி, இரண்டு முனையிலும் வாளி.

"என்னங்கய்யா, ஆத்துக்கு முன்னாடி நீங்க எந்திரிச்சிட்டீங்களா? வயித்துல ஒண்ணும் இல்லாம நிக்காதீங்க. சூடா சோயாப் பால் இருக்கு, குடிங்க."

"வேணாம்மா."

"காசு கேப்பேன்னு பயப்படறீங்களாக்கும். எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டுந்தான் கேப்பேன், வாங்க." அவள் ஒரு கிண்ணத்தில் ஊற்றி நீட்டினாள். "நீங்க இங்க நிக்கறதப் பாத்தாலே ஊருல எல்லாருக்கும் தூக்கம் வருது. நாலு நாளா மழைக்கு பயந்து கெடந்தேன். நீங்க கரைமேல நடந்து போறது சன்னல் வழியாத் தெரிஞ்சுது. திரும்பிப் படுத்துட்டேன்."

யென் தாவோ கிண்ணத்தை வாங்கிக் குடித்தான். காலை எடுக்கவில்லை. துணிக்காலணிக்குள் ஈரம் ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீர் பாதத்தைக் கீழிருந்து மேலே தள்ளுவதை, ஒரு சிறு பிராணி முட்டுவதைப்போல, அவனால் உணர முடிந்தது.

அவள் போனதும் காலை எடுத்தான். ஊற்று முன்னைவிடப் பெரிதாகியிருந்தது.

யென் தாவோ அந்த வட்டத்தின் கரை அதிகாரி. நல்ல பெயர் எடுத்தவன் என்று சொன்னால் போதாது. அன்பளிப்பாக வந்த ஒரு தர்பூசணியைக்கூடத் திருப்பி அனுப்பியவன். வறட்சி வருடத்தில் அரசுக் களஞ்சியத்தைத் திறக்கச் சொல்லி மேலிடத்து வாசலில் மூன்று வேளை நின்றவன். லியூவான் மக்கள் அந்தக் கரைவளைவின் உச்சியிலேயே அவன் பெயரில் ஒரு சின்னக் கோயில் கட்டியிருந்தார்கள். உயிரோடு இருக்கிற அதிகாரிக்குக் கோயில் கட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம். ஆனால் கிடைப்பது எல்லாருக்கும் அல்ல. மரத்தில் செதுக்கி வர்ணம் பூசிய யென் தாவோ அதற்குள் உட்கார்ந்திருந்தான். மூக்கு மட்டும் கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது என்று தச்சன் வருத்தப்பட்டான்.

போன இலையுதிர் காலத்தில்தான் இந்த வளைவைப் பழுது பார்த்தார்கள். பழைய உடைப்பு அது. அடியில் பல வருடங்களுக்கு முன் போட்ட தினைத் தாளும் வில்லோ மரக் கிளைகளும் மட்கிக் கிடந்தன. அதையெல்லாம் தோண்டி எடுத்துவிட்டு, கெட்டி மண் தட்டுப்பட்ட பிறகுதான் புது மண் போட வேண்டும் என்பது சட்டம். ஆனால் ஆட்கள் எல்லாம் கட்டாய வேலைக்கு வந்தவர்கள். வீட்டில் விதைப்பு காத்துக் கிடந்தது. அவர்கள் முகத்தைப் பார்த்த யென் தாவோ, "சரி, தோண்டினது போதும். மேல மண்ணைப் போட்டு மிதிச்சிட்டு எல்லாரும் ஊருக்குப் போங்க. மேலிடத்துல நான் சொல்லி அனுமதி வாங்கிக்கறேன்" என்றான். அவர்கள் போட்ட கூச்சலில் கொக்குகள் எழுந்து பறந்தன. அந்தக் கூச்சல் அவனுக்கு இனித்தது.

அந்த நேரம் பார்த்து மாநிலக் கரை ஆணையர் கெங் குதிரையில் வந்து இறங்கினார். "கெட்டி மண் வரைக்கும் தோண்டியாச்சா?" என்று கேட்டார். சுற்றிலும் அவனை வாழ்த்துகிறவர்கள். "தோண்டியாச்சு" என்றான் யென் தாவோ. ஒரே ஒரு சொல். கெங் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

தினமும் மாலையில் தன்னைத்தானே விசாரித்துக்கொள்வது அவனுக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கம். இன்று யாருக்குத் துரோகம் செய்தேன், எந்த வாக்கில் பிசகினேன் என்று வரிசையாகக் கேட்டுக்கொள்வான். ஆள் பார்க்கிறபோதும் பார்க்காதபோதும் ஒரே மாதிரி இருப்பவன்தான் மனிதன் என்று நம்புகிறவன். ஆனால் அந்த இலையுதிர் காலத்துக்குப் பிறகு விசாரணை அந்த ஒரு இடத்துக்கு வரும்போது, தெருவில் கடன்காரனைக் கண்டவன்போல், வேறு சந்தில் திரும்பிவிடும்.

காலணியில் சேறு சொட்டச் சொட்ட அவன் கரையடிக் குடிசைக்கு வந்தான். அங்கே எழுத்தர் குய் கணப்பில் கையைக் காட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார். பல அதிகாரிகளிடம் வேலை பார்த்துக் காய்ந்து போனவர். யென் தாவோ எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான். குய் உடனே எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"யாரு பாத்தது?"

"நான் மட்டுந்தான்."

"அப்ப ஒண்ணும் ஆகலை. ஆறு வானத்தோடது, ஐயா. ஒடஞ்சா வானம் ஒடச்சது. வெள்ளம் அடிச்சிட்டுப் போனப்புறம் அடியில என்ன கெடந்துச்சுன்னு எவன் முங்கிப் பாக்கப் போறான்?"

"ஜனங்க?"

"போகச் சொல்லுங்க. முன்னெச்சரிக்கைன்னு சொல்லுங்க. காரணம் சொல்லணும்னு யாரு கேட்டா?" குய் குரலைத் தாழ்த்தினார். "கீழ்வட்டத்து அதிகாரி லுவான்... நீங்களும் பாத்தீங்கல்ல?"

பார்த்திருந்தான். லுவானின் கரை உடைந்தபோது அரசுக் கச்சேரி முற்றத்தில் அவரைக் குப்புறப் போட்டுத் தடியால் அடித்தார்கள். கடைசியில் தடியோடு சதையும் ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு கதவுப் பலகையில் கிடத்தித் தூக்கிப் போனார்கள். நாடு கடத்தின ஊர் போய்ச் சேருவதற்குள் செத்துவிட்டார். இத்தனைக்கும் அவர் பொய் சொல்லவில்லை, கவனக்குறைவுதான். யென் தாவோவின் தொடைகள் தாமாகவே இறுகிக்கொண்டன. 

"முன்னெச்சரிக்கைன்னே சொல்லுவோம்" என்றான்.

வெண்கலத் தாம்பாளத்தைத் தட்டி ஊரைக் கோயில் முன்னால் கூட்டினார்கள். பிள்ளைகுட்டிகளைக் கூட்டிக்கொண்டு உடனே கிழக்கு மேட்டுக்குப் போகும்படி யென் தாவோ சொன்னான். யாரும் அசையவில்லை.

"ஐயா, தினை இன்னும் ரெண்டு நாள்ல அறுப்பு" என்றார் ஊர்த் தலைவர் லியாங். "இத விட்டுட்டு மேட்டுல போயி மண்ணையா திங்கறது?"

யுன்னியாங்கின் புருஷன் தெங் தா, தோள் அகன்ற ஆள், முன்னால் வந்தான். "போன தடவை இப்படித்தான் கெளப்பிவிட்டாங்க. திரும்பி வந்தா என் பன்னியப் பட்டாளத்துக்காரனுங்க தின்னுட்டானுங்க. பானையையும் சேத்து!"

"எங்கப்பா செத்தப்பக்கூட இந்த மனுஷன் அப்படி அழலை" என்றாள் யுன்னியாங். கூட்டம் சிரித்தது.

"உங்கப்பனை வளக்க நானா தவிடு போட்டேன்?" என்றான் தெங் தா. சிரிப்பு இன்னும் பெரிதானது.

"நீங்க கட்டின கரைங்க இது" என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள். "உள்ள நீங்களே உக்காந்திருக்கீங்க. எங்களுக்கென்ன பயம்?"

யென் தாவோ கோயிலுக்குள் பார்த்தான். பெரிய மூக்கோடு அந்த மரப்பொம்மை சாந்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தது. அதன் முன்னால் புதிய ஊதுவத்திகள் புகைந்தன. சன்னல் வழியாக அவனைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்த பெண்ணை நினைத்துக்கொண்டான். இவர்கள் நகராமல் நிற்பது தினைக்காக மட்டும் அல்ல, தன்னால்தான் என்று புரிந்தபோது அவனுக்குக் காதுக்குள் இரைச்சல் கேட்டது. ஆறா, தன் ரத்தமா என்று தெரியவில்லை. குய் அவன் அங்கியின் ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுத்தார். அந்தக் கையை யென் தாவோ விலக்கினான்.

"நான் பொய் சொன்னேன்" என்றான்.

குரல் வெளியே வரவில்லை. முன்வரிசையில் இருந்த ஒருவன், "என்னங்கய்யா?" என்று காதில் கை வைத்தான்.

"நான் பொய் சொன்னேன்! இந்தக் கரைக்குக் கீழ கெட்டி மண் கிடையாது. மக்கின தாளு கெடக்கு. ஆணையர்கிட்டத் தோண்டியாச்சுன்னு நான்தான் சொன்னேன். கரை நிக்காது. ஓடுங்க!"

 தலைவர் லியாங் மெல்ல முழங்காலிட்டார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

"கேட்டீங்களாடா? ஆத்தோட பழியையெல்லாம் தன் தலையில போட்டுக்கறாரு! இப்படி ஒரு அதிகாரி எந்த ஊருக்குக் கெடைக்கும்?"

ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் முழங்காலிட்டார்கள். ஒரு பெண் எழுந்து போய்க் கோயிலில் இன்னொரு வத்தி கொளுத்தி வைத்தாள்.

யென் தாவோ வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. தடியடிக்குப் பயந்தது ஒரு விதம். அதில் உடம்பு நடுங்கும். இது வேறு. தண்ணீருக்குள் நின்று கத்துகிறோம், கரையில் இருப்பவர்கள் கையசைத்துச் சிரிக்கிறார்கள் என்பதுபோல் இருந்தது. அவன் கூட்டத்துக்குள் பாய்ந்து தெங் தாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான். அந்தப் பெரிய ஆள் திகைத்துப் போய்க் கூடவே சரிவில் இறங்கினான். மற்றவர்கள் பின்தொடர்ந்தார்கள்.

அடிவாரத்தில் ஊற்று இப்போது பானை வாய் அளவு இருந்தது. பக்கத்தில் புதிதாக இரண்டு. மஞ்சள் சேற்றோடு கறுப்பாக ஏதோ துணுக்குகள் மேலே வந்து சுழன்றன.

"எடு. எடுத்து மோந்து பாரு."

தெங் தா கையை விட்டு அள்ளினான். மட்கிய தாள், கரிபோல் கறுத்திருந்தது. மூக்கருகே கொண்டு போனான். முகம் மாறியது.

"இது நம்ம மிதிச்சதுதான்" என்றான் மெதுவாக. "நானும் என் கூட்டாளிகளும் இதும்மேலதான் மண்ணைக் கொட்டினோம். ஐயா, நீங்க மேலிடத்துல அனுமதி வாங்கறேன்னீங்களே?"

"கேக்கவே இல்ல. தோண்டியாச்சுன்னு சொல்லிட்டேன்."

 யுன்னியாங் ஊற்றைப் பார்த்தாள், பிறகு அவனுடைய சேறு அப்பிய வலது காலணியைப் பார்த்தாள்.

"காலைல நான் பால் குடுக்கறப்போ இங்கதானே நின்னீங்க?"

"ஆமா."

"உங்க காலுக்கடியில இதுதான் இருந்துச்சா?"

"ஆமா."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான்.  அவள் திரும்பினாள், பாவாடையை வரிந்து கட்டிக்கொண்டு, பிள்ளைகளின் பெயர்களைக் கூவிக்கொண்டே ஊரைப் பார்த்து ஓடினாள். அந்தக் குரலைக் கேட்டதும் ஊரே ஓடியது. முழங்காலிட்டவர்கள் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். போகிற போக்கில் யாரோ கோயிலுக்குள் ஒரு மண்கட்டியை எறிந்தார்கள்.

திடமான ஆண்கள் கொஞ்சப் பேர் நின்றார்கள். ஊற்றை அடைத்தால் வேறு இடத்தில் பிய்த்துக்கொள்ளும். அதைச் சுற்றி மண்கூடைகளை வட்டமாக அடுக்கித் தண்ணீரை உள்ளேயே உயர விட்டால் வேகம் தணியும். அதைத்தான் செய்தார்கள். யென் தாவோ அவர்களோடு கூடை சுமந்தான். யாரும் அவனிடம் பேசவில்லை. ஒருவன் கூடையை அவன் கையில் கொடுக்காமல் காலடியில் போட்டான். தெங் தா மட்டும் ஒரு தடவை, "முதுகை வளைக்காதீங்க, முட்டிய மடக்கித் தூக்குங்க" என்றான். ஒவ்வொரு கூடை வைக்கும்போதும் யென் தாவோவின் மனசுக்குள் ஒரே கணக்கு ஓடியது: இதை விடிகாலையிலேயே அடுக்கியிருந்தால்.

மேட்டுச் சரிவில் கடைசி வண்டி ஏறிக்கொண்டிருந்தபோது தரை அதிர்ந்தது. பாரம் ஏற்றிய மாட்டு வண்டி கரைக்குள்ளே போவதுபோல ஒரு சத்தம். "விடுங்க! ஓடுங்க!" என்று யென் தாவோ கத்தினான். எல்லாரும் ஓடினார்கள். பாதி தூரத்தில் தெங் தா நின்றான். சோயாக் கொட்டகையில், திரிகைக் கல் சுற்றுகிற கழுதையைக் கட்டிவைத்தபடியே யுன்னியாங் போய்விட்டாள், அது அலறிக்கொண்டிருந்தது.

"தெங் தா! விடு அத!"

"ரெண்டே எட்டுங்க!" என்று அவன் சிரித்த முகத்தோடு கையைக் காட்டிவிட்டுப் பக்கவாட்டில் ஓடினான்.

கரை உட்கார்ந்தது. உடைந்தது என்று சொல்வதற்கில்லை; களைத்துப் போனவன் உட்காருவதுபோல அந்த வளைவு அப்படியே தாழ்ந்தது. உச்சியில் இருந்த கோயில் ஒரு கணம் நின்று, பிறகு காணாமல் போனது. யென் தாவோ மேட்டுப் புல்லைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது கொட்டகைக் கூரை மிதந்து போனது. கொஞ்சம் பொறுத்துக் கழுதை நீந்தி வந்து மேட்டில் ஏறியது. அதன் கழுத்தில் அறுத்த கயிறு தொங்கியது. யுன்னியாங் ஓடி வந்து கயிற்றைப் பிடித்தாள். தண்ணீரைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆணையர் கெங் வந்து சேர்ந்தபோது வெள்ளம் வயல்களில் தேங்கி நின்றது. மேடான இடத்தில் இருந்த வட்டக் கச்சேரியில் விசாரணை. குய் அதற்குள் ஊர்ப் பெரியவர்களைப் பார்த்துப் பேசியிருந்தார். கரை வேலையில் பொய் நடந்தது தெரிந்தால், அன்று பாதியில் வீட்டுக்குப் போன அத்தனை பேர் மேலும் விசாரணை வரும் என்று சொல்லிவைத்திருந்தார். ஆகவே லியாங் முன்னால் வந்து, யென் ஐயா ஆபத்தை முன்கூட்டியே கண்டு ஊரையே காப்பாற்றினார் என்றார். அவர் யென் தாவோவின் முகத்தைப் பார்க்கவில்லை.

கெங்கின் முகம் மலர்ந்தது. "பக்கத்து வட்டங்கள்ல பொணம் எண்ண முடியலை. இங்க ஒரே ஒரு ஆளு. உன் பேரை மேல எழுதப் போறேன், யென் தாவோ."

யென் தாவோவின் கண் முற்றத்தின் மூலைக்குப் போனது. தடிகள் சுவரில் சாத்தியிருந்தன. எண்ணெய் பூசி மினுங்கின. இன்னும் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், ஊர்க்காரர்களுக்கும் நல்லது என்று உள்ளே ஒரு குரல், மிக நியாயமான குரல், சொன்னது. கூட்டத்தின் கடைசியில் சணல் துணியில் துக்க உடை உடுத்தி யுன்னியாங் நின்றிருந்தாள். அவள் எதுவும் கேட்கவில்லை. தலையைக்கூட அசைக்கவில்லை.

அவன் தலையிலிருந்து அதிகாரியின் கறுப்புத் தொப்பியைக் கழற்றித் தரையில் வைத்தான். முழங்காலிட்டான்.

"போன இலையுதிர் காலத்துல உங்ககிட்டப் பொய் சொன்னேன், ஐயா. தோண்டலை. ஆளுங்க மேல தப்பில்ல. அனுமதி வாங்கறேன்னு நான் சொன்னதை நம்பிப் போனாங்க. உடைஞ்ச அன்னைக்கு விடியக்காலையிலேயே ஊத்தைப் பாத்துட்டேன். காலால மூடிக்கிட்டு நின்னேன். உடனே கத்தியிருந்தா கழுதை, மாடு எல்லாத்தையும் அவுத்துட்டுப் போக நேரம் இருந்திருக்கும். தெங் தா செத்தது ஆத்தால இல்ல."

குய் கண்ணை மூடிக்கொண்டார். லியாங் தரையைப் பார்த்தார்.

 கெங்கின் முகத்தில் முதலில் வந்தது கோபம். பிறகு அது வெளுத்தது.

"காலையில நடந்ததை யாரும் உன்கிட்டக் கேக்கலையே" என்றார்.

"கேக்கலைங்க."

"என் கையில இரும்புக் கோல் இருந்துச்சு அன்னைக்கு. மண்ணுல ஒரு குத்து குத்தியிருந்தா தெரிஞ்சிருக்கும். யென் தாவோ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு குதிரை ஏறிட்டேன்." அவர் தரையில் இருந்த தொப்பியைப் பார்த்தார். "இப்ப இதை நானும் மேல போய்ச் சொல்லணும்." மேசைமேல் இருந்த தேநீர்க் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

தண்டனை தாமதமாகவில்லை. தடியடி, பதவி நீக்கம், தெற்கே விஷக்காய்ச்சல் பரவிய சீமைக்கு நாடு கடத்தல். உண்மையைச் சொல்லிவிட்டால் பயம் போய்விடும் என்று யென் தாவோ எங்கேயோ ஒரு மூலையில் நம்பியிருந்தான். போகவில்லை. முதல் தடி உயர்ந்தபோது அவன் கத்தினான். விழுவதற்கு முன்பே கத்தினான். முற்றத்தில் நின்ற லியூவான்காரர்கள் அதைக் கேட்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஆனால் உயிர் தங்கியது. தானாக முன்வந்து சொன்னதற்காக அடியைக் குறைக்கும்படி கெங் எழுதியிருந்தார் என்று பிறகு தெரிந்தது. அவரையும் ஒரு படி கீழே இறக்கிவிட்டார்கள்.

புண் ஆறத் தொடங்கியதும் இரண்டு காவலர்களோடு யென் தாவோ தெற்கே புறப்பட்டான். மனைவி வெய் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாள். வர வேண்டாம் என்று அவன் சொன்னதற்கு, "அங்க போயும் தோண்டியாச்சு, தோண்டியாச்சுன்னு சொல்லிட்டு நிப்பீங்க. பக்கத்துல ஒரு ஆளு வேணும்" என்று மட்டும் சொன்னாள்.

பாதை கிழக்கு மேட்டின் அடிவாரமாகப் போனது. வேறு வழி உண்டா என்று அவன் கேட்டான். காவலன் சிரித்தான். மேட்டில் லியூவான் மக்கள் கீற்றுக் குடிசைகள் போட்டிருந்தார்கள். தினைக் கஞ்சி கொதிக்கிற வாசனை வந்தது. அவன் வருவதைப் பார்த்ததும் பேச்சு நின்றது. லியாங் குடிசைக்குள் போய்விட்டார். ஒரு பெண் குழந்தையை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். யுன்னியாங் கழுதைக்கு வைக்கோல் வைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். வணங்கவும் இல்லை, காறித் துப்பவும் இல்லை. பார்த்துக்கொண்டே நின்றாள், அவன் தாண்டிப் போகிறவரைக்கும் கண்ணை எடுக்கவில்லை.

யென் தாவோவுக்குத் தடியடிப் புண்கள் விண்விண் என்று தெறித்தன. முதுகில் அத்தனை கண்களும் பதிந்திருக்க, தான் ஏறக்குறைய ஓடிக்கொண்டிருப்பதே அவனுக்குத் தெரியவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்த வெய் அவன் கையைப் பிடித்தாள்.

"மெதுவா நடங்க" என்றாள். "யாரும் தொரத்தலை."